முறைத் தண்ணீர்

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் செல்லும் பஸ்ஸில் ஒரு வேடிக்கை உண்டு. மலைப்பாதையில் சில திருப்பங்கள் ஏறியதும், அதுவரையில் தூங்கி விழுந்துகொண்டிருந்த பிரயாணிகள் யாவரும் திடீரென்று விழித்துக்கொண்டு, ஒரே பக்கத்து ஜன்னல்களை நோக்கிக் கழுத்தை நீட்டுவார்கள். பள்ளத்தாக்குக்கு அப்பால், கரும்பாறைச் சுவரின் உச்சியிலிருந்து மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று தொங்குவது தெரியும். எலிவால் அருவி என்பார்கள். தலையாறு அருவி என்றும் அதற்குப் பெயர். சுமார் 975 அடி உயரத்திலிருந்து விழுகிற அருவி அது. ஆனால் தொலைவின் காரணமாக, வெற்றிலை போட்ட யாரோ ஒருவர் சுண்ணாம்பு விரலைப் பாறையில் தேய்த்துவிட்டுப் போனதுபோல் காணப்படும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கோடு தடித்திருக்கும். சித்திரையில் அது இருக்கிறதா இல்லையா என்று பக்கத்து ஆசனத்துக்காரருடன் நாம் விவாதமே நடத்தலாம்.

மேலே போகிறவர்களுக்கு அது ஒரு காட்சி. பார்த்துவிட்டு மேலே போய்விடுவார்கள். கீழே வத்தலக்குண்டிலும் அதைச் சுற்றிய கிராமங்களிலும் பயிர் செய்கிறவர்களுக்கோ அந்தக் கோட்டின் பருமன்தான் வருஷத்தின் கதி. அந்த அருவியின் நீரே மஞ்சளாறாகக் கீழே இறங்குகிறது. இறங்கி, வைகையோடு சேருகிறது.

வெற்றிலைக்குண்டு என்பதே மருவி வத்தலக்குண்டு ஆயிற்று என்று ஊரார் சொல்வார்கள். பெயர் வரலாறு எப்படியானாலும், வெற்றிலைக் கொடிக்கால்களுக்கும் இந்த ஊருக்கும் உள்ள பந்தம் பழையது. அகத்தி மரங்களில் படர்ந்து நிற்கும் வெற்றிலைக் கொடியைப்போல் பொறுமையில்லாத பயிர் வேறொன்று இல்லை. அதன் வேர் ஆழமாகப் போவதில்லை. நிலத்தில் ஈரம் காய்ந்தால் இலை உடனே முகம் சுருங்கும். அடுத்த மழை வரும் என்று நெல்லிடம் சமாதானம் சொல்லலாம். வெற்றிலையிடம் சொல்ல முடியாது. ஆகவே தண்ணீரைப் பற்றி இவ்வூரார் பேசுவதைக் கேட்கும்போது, அதில் ஓர் அவசரம் தொனிப்பதை யாரும் கவனிக்கலாம்.

இந்த ஊர் தமிழுக்கும் தேசத்துக்கும் செய்த உபகாரங்களை நேயர்கள் அறிவார்கள். "கமலாம்பாள் சரித்திரம்" எழுதிய ராஜமையர் 1872-இலும், வீரர் சுப்பிரமணிய சிவா 1884-இலும் இங்கேதான் பிறந்தார்கள். ராஜமையரின் கதை "விவேக சிந்தாமணி"ப் பத்திரிகையில் மாதந்தோறும் வெளிவந்துகொண்டிருந்த அதே வருஷங்களில், மேற்கே மலைக்காட்டுக்குள் ஓர் அணை எழும்பிக்கொண்டிருந்தது. அந்த அணையைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம். முதலில் வீட்டு வாசலில் ஓடும் ஆற்றைப் பார்ப்போம்.

மஞ்சளாற்றின் கணக்கு

மஞ்சளாற்றுக்குக் குறுக்கே, மலையடிவாரத்தில், தேவதானப்பட்டிக்கு அருகில் ஓர் அணை இருக்கிறது. 57 அடி உயரத்துக்கு அதில் நீர் தேக்கலாம். அணை நிற்பது இப்போதைய தேனி ஜில்லாவில். அதன் நீரை எதிர்பார்த்திருக்கும் நிலங்களில் ஒரு பகுதி, வத்தலக்குண்டையும் சேர்த்து, திண்டுக்கல் ஜில்லாவில். மொத்தம் 5,259 ஏக்கர். இதில் 3,386 ஏக்கர் பழைய ஆயக்கட்டு. 1,873 ஏக்கர் புதிய ஆயக்கட்டு.

பழையது, புதியது என்ற இவ்விரண்டு சொற்களுக்குள் பெரிய சட்ட சாஸ்திரமே அடங்கியிருக்கிறது. அணை கட்டுவதற்கு முன்பே ஆற்றில் வாய்க்கால் பிரித்துப் பயிர் செய்து வந்த நிலம் பழைய ஆயக்கட்டு. அணை வந்த பிறகு, மிச்சப்படும் நீரை நம்பிச் சேர்த்துக்கொண்டது புதிய ஆயக்கட்டு. பந்தியில் முதலில் உட்கார்ந்தவருக்கு முதல் பரிமாறல் என்ற நியாயம்தான். நல்ல மழை பெய்த வருஷத்தில் இந்த வித்தியாசம் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. மழை குறைந்த வருஷத்தில், அதே வாய்க்காலின் அடுத்தடுத்த இரு வயல்களில் ஒன்று பச்சையாகவும் ஒன்று தரிசாகவும் கிடக்கும்போது, இரண்டு குடியானவர்களுக்கும் அது நன்றாக ஞாபகம் வந்துவிடும்.

மூத்த உரிமைக்கு நியாயமில்லை என்று நாம் சொல்லவில்லை. தலைமுறை தலைமுறையாக ஒரு வாய்க்காலைத் தூர்வாரிக் கரை கட்டிக் காத்தவருக்கு, நேற்று வந்தவரைவிட முன் உரிமை உண்டு என்பதை உலகத்தில் எந்த ஊரும் ஒப்புக்கொள்ளும். ஆனால் பஞ்ச காலத்திலும் அதே நியாயம் அணுவளவும் வளையக்கூடாதா என்பதுதான் கேள்வி.

இந்த விஷயத்தில் நம் சகோதர நாடாகிய இலங்கையில் ஒரு விசேஷமான வழக்கம் உண்டு. அங்கே சிங்களக் கிராமங்களில் குளத்து நீர் ஒரு போகத்துக்குப் போதாது என்று தெரிந்தால், ஊரார் கூடி, குளத்துக்குச் சமீபத்தில் உள்ள வயல்களில் மாத்திரம் பயிரிடுவது என்று தீர்மானிக்கிறார்கள். அவ்வளவு நீருக்கு எவ்வளவு நிலம் விளையுமோ அவ்வளவு. அதன் பிறகு, அந்த நிலத்தைக் குளத்தின் கீழ் நிலமுள்ள எல்லோருக்கும் அந்த ஒரு போகத்துக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். கடைமடைக்காரரும் மேல்மடையில் வந்து தம் பங்குக்கு உழுகிறார். பெத்மா என்று இதற்குப் பெயர். நீரைக் கொண்டுபோய் நிலத்துக்குப் பங்கிட முடியாதபோது, நிலத்தையே நீரிடம் கொண்டுவந்து பங்கிடும் இந்த யுக்தியை யோசித்தவர் யாரோ தெரியவில்லை. அவருக்கு ஒரு சிலை வைக்கலாம்.

நீர்க்கட்டியும் கணக்கும்

நம்முடைய நாட்டிலும் இப்படிப்பட்ட ஏற்பாடுகளுக்குக் குறைவிருந்ததில்லை. உத்தரமேரூர்க் கல்வெட்டுகளைப் பற்றிக் கேள்விப்படாதவர் இருக்க முடியாது. பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-இலும் 921-இலும் பொறிக்கப்பட்ட அந்தச் சாசனங்களில், ஏரியைக் கவனிப்பதற்கென்றே ஏரி வாரியம் என்ற சபையைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்த விவரம் இருக்கிறது. அதில் நம் மனத்தை மிகவும் கவர்வது வேறொரு விதி. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடியும் நிற்கக்கூடாது. அவருடைய நெருங்கிய பந்துக்களும் நிற்கக்கூடாது! இந்த விதியை இன்று அமலுக்குக் கொண்டுவந்தால் எத்தனை சபைகள் காலியாகும் என்று நேயர்கள் யோசித்துக்கொள்ளட்டும். ஆனால் ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்: அது நிலமும் வேதப் பயிற்சியும் உடைய பிராமணர்களின் சபை. ஏரியில் இறங்கி மண் சுமந்தவர்களின் ஓலை அந்தக் குடத்தில் விழவில்லை.

பாண்டிய நாட்டுப் பக்கத்தில் கண்மாய்களும் வாய்க்கால்களும் நெடுங்காலம் குடிமராமத்தினால் வாழ்ந்தன. நிலத்தின் அளவுக்குத் தக்கபடி வீட்டுக்கு வீடு ஆள் வந்து கரையைப் பலப்படுத்துவதும், வண்டல் அள்ளுவதும், மதகைச் செப்பனிடுவதும் ஊர்க் கட்டுப்பாடு. மடையைத் திறக்கவும் அடைக்கவும் நீர்க்கட்டி என்று ஒருவர் இருப்பார். ஒவ்வொரு வயலுக்கும் எவ்வளவு நேரம் என்ற கணக்கு அவருடைய மனத்தில் இருக்கும். அறுவடையில் களத்திலிருந்து அவருக்குத் தானியமாகக் கூலி. பல ஊர்களில் அந்த ஆயக்கட்டில் சொந்த நிலமில்லாத ஒருவரையே நீர்க்கட்டியாக வைத்தார்கள். தன் வயலுக்கென்று கள்ளத்தனமாக ஒரு நாழிகை கூடத் திருப்பிவிட அவருக்குக் காரணம் இராது. அழகான ஏற்பாடு! ஆனால், ஊருக்கெல்லாம் நீர் பங்கிட்டவருக்கு ஒரு பாத்திகூடச் சொந்தமில்லை என்ற உண்மையும் அந்த அழகுக்குள்ளேயே இருக்கிறது. பழங்காலப் பெருமை பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

கம்பெனி ஆட்சி ஒழிந்து ராணியின் ஆட்சி வந்த அதே 1858-இல் சென்னை ராஜதானியில் ஒரு சட்டம் செய்தார்கள். கரை உடையும் அபாயம் வந்தால் குடிகள் கட்டாயமாக வந்து உழைக்க வேண்டும்; வழக்கமாகச் செய்யவேண்டிய குடிமராமத்தைச் செய்யத் தவறினால் அதற்காகப் பணம் வசூலிக்கப்படும் என்பது அதன் சாரம். உழைப்பு குடிகளுடையதாகவே இருந்தது. நீரை எப்போது, யாருக்கு, எவ்வளவு விடுவது என்ற அதிகாரம் மட்டும் கொஞ்சங் கொஞ்சமாகச் சர்க்கார் இலாகாவின் காகிதக் கட்டுக்குள் போய்ச் சேர்ந்தது. ஊரார் மெல்ல மெல்லக் குடிமராமத்தை மறந்தார்கள் என்று குறைப்பட்டுக்கொள்வது வழக்கம். தன் சொல்லுக்கு மதிப்பில்லாத இடத்தில் மண் வெட்டப் போக யாருக்குத்தான் மனம் வரும்?

மலைக்கு அப்பாலிருந்து வந்த நீர்

இனி அந்த அணையின் கதை. மேற்கே திருவிதாங்கூர் மலைகளில் பெய்யும் மழை பெரியாறாக ஓடி அரபிக் கடலில் விழ, கிழக்கே மதுரையும் இராமநாதபுரமும் காய்ந்து கிடப்பதைக் கண்டு, அந்த ஆற்றை மலைக்கு இந்தப் பக்கம் திருப்பினால் என்ன என்று எண்ணியவர் வெள்ளைக்காரர் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1789-ஆம் வருஷத்திலேயே இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானியாகிய முத்திருளப்ப பிள்ளை இதை ஆராய்ந்து வரும்படி ஆட்களை அனுப்பினார். பொக்கிஷம் இடங்கொடுக்கவில்லை, யோசனை தங்கிப்போயிற்று. 1876 முதல் 1878 வரையில் தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகுதான் ஆங்கில சர்க்காருக்கு அவசரம் பிறந்தது. 1886-ஆம் வருஷம் அக்டோபர் 29-ஆம் தேதி, திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் இந்திய மந்திரிக்கும் ஒப்பந்தம் ஆயிற்று. 8,000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய் வாடகை, காலம் 999 வருஷம்.

999 வருஷம்! வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் பதினொரு மாதத்துக்கு மேல் பத்திரம் எழுதப் பயப்படுகிற நாட்டில், சமஸ்தானத்துத் திவானும் ஆங்கிலேய ரெஸிடெண்டும் கையெழுத்திட்டு, முப்பது தலைமுறைக்கு ஓர் ஆற்றின் போக்கை முடித்துவிட்டார்கள். மலைக்கு அந்தப்புறத்துக் குடிகளையும் யாரும் கேட்கவில்லை. இந்தப்புறத்துக் குடிகளையும் யாரும் கேட்கவில்லை. கர்னல் பென்னிகுயிக் துரையின் மேற்பார்வையில், காட்டு வெள்ளத்தோடும் விஷ ஜுரத்தோடும் போராடிப் பல உயிர்களைப் பலிகொடுத்துக் கட்டிய அணை 1895-இல் திறக்கப்பட்டது. அப்போது வத்தலக்குண்டில் சுப்பிரமணிய சிவாவுக்கு வயது பதினொன்று.

பிற்பாடு 1970-இல் வாடகை ஏக்கருக்கு 30 ரூபாய் ஆயிற்று. 1979-இல், அணை பழையது என்ற அச்சத்தால் நீர்மட்டத்தை 136 அடிக்குக் குறைத்தார்கள். இரண்டு ராஜ்யங்களும் வழக்காடி, 2014-ஆம் வருஷம் மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு 142 அடி என்று தீர்ப்பளித்தது. அணைக்குக் கீழே குடியிருக்கும் கேரள மக்களின் பயத்தை நாம் பரிகாசம் செய்யக்கூடாது. ஐந்து ஜில்லாக்களின் தாகத்தை அவர்களும் அலட்சியம் செய்யக்கூடாது. இந்தப் பெரிய வழக்கைப் பற்றிப் பத்திரிகைகள் நிறைய எழுதியாயிற்று. மலையைக் குடைந்து வந்த அந்த நீர் இந்தப் பக்கம் இறங்கிய பிறகு எப்படிப் பங்காகிறது என்பதைப் பற்றி எழுதியவர் குறைவு. நமக்கு அக்கறை அதில்தான்.

பேரணையில்

வத்தலக்குண்டுக்குத் தென்கிழக்கே சில மைல் தூரத்தில், அணைப்பட்டிக்குச் சமீபமாக, வைகையின் குறுக்கே பேரணை இருக்கிறது. பெரியாற்று நீர் சுருளியாற்றின் வழியாக வைகையில் சேர்ந்து, 1959-இல் திறந்த வைகை அணையில் தங்கி, அங்கிருந்து விடப்பட்டு, இந்தப் பேரணையில்தான் பெரியாறு பிரதானக் கால்வாய்க்குள் திரும்புகிறது. நீர் தேங்குவது தேனி ஜில்லாவில். திரும்புவது திண்டுக்கல் ஜில்லாவில். விளைவிப்பது பெரும்பாலும் மதுரை ஜில்லாவில்.

எவ்வளவு பெரும்பாலும்? பேரணையிலிருந்து கள்ளந்திரி வரையில் இருபோகப் பாசனப் பகுதி 45,041 ஏக்கர். இதில் மதுரை வடக்குத் தாலுக்காவுக்கு 26,792 ஏக்கர். வாடிப்பட்டித் தாலுக்காவுக்கு 16,452 ஏக்கர். பேரணையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருக்கும் நிலக்கோட்டைத் தாலுக்காவுக்கு, அதாவது வத்தலக்குண்டு சேர்ந்த தாலுக்காவுக்கு, 1,797 ஏக்கர். நூற்றுக்கு நான்கு!

இதைக் கேட்டவுடன் கோபம் வருவது இயல்பு. ஆனால் அந்தக் கோபத்தைக் கொஞ்சம் நிறுத்திவைக்க வேண்டும். கால்வாய் பேரணையில் பிறந்து தாழ்வான நிலத்தைத் தேடிக் கிழக்கே ஓடுகிறது. வத்தலக்குண்டுப் பக்கத்து நிலங்கள் மேட்டில் இருக்கின்றன. எந்தச் சர்க்கார் உத்தரவுக்கும் தண்ணீர் மேட்டில் ஏறாது. ஆகவேதான் இவ்வூருக்கு மஞ்சளாறே கதியாயிற்று. பூமியின் சரிவு செய்த பங்கீட்டை யாரும் குறைசொல்லிப் பயனில்லை. மனிதர் செய்யும் பங்கீட்டைத்தான் கேட்க வேண்டும்.

அதற்கு ஓர் உதாரணம் முறைப்பாசனம். சமீப வருஷங்களில் முதல் போகத்துக்கு நீர் விடும் உத்தரவு இப்படி இருக்கும்: வினாடிக்கு 900 கன அடி வீதம், 45 நாள் முழுமையாகவும் 75 நாள் முறைவைத்தும், ஆக 120 நாளுக்கு 6,739 மில்லியன் கன அடி. சற்றுக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். 900 கன அடி நாள் முழுவதும் ஓடினால் சுமார் 78 மில்லியன் கன அடி. முதல் 45 நாளில் சுமார் 3,500 செலவாகிவிடும். மிச்சமிருப்பது 3,240. அது நாற்பத்திரண்டு நாள் முழு ஓட்டத்துக்குக்கூடச் சற்றுக் குறைவு. அதை 75 நாளுக்கு நீட்ட வேண்டும். நாற்று நட்டு வேர் பிடிக்கும் வரையில் தாராளம். அதன் பிறகு திறப்பதும் அடைப்பதுமாகச் சிக்கனம். பயிரின் சுபாவம் அறிந்து போட்ட கணக்கு இது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் வைகை அணை நிரம்பி வழிந்தாலும் 6,000 மில்லியன் கன அடிக்குச் சற்று மேல்தான் கொள்ளும். ஒரே ஒரு போகத்தின் தேவை, அணையின் முழு வயிற்றையும்விடப் பெரியது! ஆகையால், மேலே பெரியாற்றில் மழை தொடர்ந்து பெய்தாலொழிய, உத்தரவில் உள்ள எண் வாய்க்காலில் வராது.

அப்படி வராதபோது நஷ்டம் எல்லோருக்கும் சமமாக விழுவதில்லை. மேல்மடையில் இருப்பவர் முறை வந்ததும் முதலில் பாய்ச்சிவிடுகிறார். வாய்க்காலில் தூரும் செடியும் அடைத்துக்கொண்டிருந்தால், கடைமடைக்கு நீர் போய்ச் சேருவதற்குள் முறை முடிந்து ஷட்டர் இறங்கிவிடுகிறது. காகிதத்தில் அவருக்கும் நீர் கொடுத்தாயிற்று என்றே இருக்கும்.

அவரைவிடப் பரிதாபமானவர்கள் இருக்கிறார்கள். உசிலம்பட்டிப் பக்கத்து வறண்ட கிராமங்களுக்காக வைகை அணையிலிருந்து 58 கிராமக் கால்வாய் என்று ஒன்றை வெட்டினார்கள். மக்கள் பல வருஷம் கிளர்ச்சி செய்து பெற்ற கால்வாய் அது. உசிலம்பட்டித் தாலுக்காவில் 1,912 ஏக்கர், நிலக்கோட்டைத் தாலுக்காவில் 373 ஏக்கர், ஆக 2,285 ஏக்கர் அதனால் பயன்பெற வேண்டும். 2018-இல் சோதனையாக நீர் விட்டுப் பார்த்தார்கள். கண்மாய்களில் நீர் விழுந்ததைக் கண்டு ஊரார் ஆனந்தப்பட்டார்கள். ஆனால் 71 அடி அணையில் நீர் 67 அடிக்கு மேல் நின்றால்தான் இந்தக் கால்வாயில் விடலாம் என்பது ஏற்பாடு. அணையின் நிலை அந்த எண்ணை எட்டாத வருஷங்களில் கால்வாய் சிமெண்டுத் தரையாகக் காய்ந்து கிடக்கும். பந்தியில் கடைசி வரிசையில் உட்கார்ந்தவர்களுக்கு இலை போட்டாயிற்று. சாதம் மிச்சமிருந்தால் பரிமாறப்படும்.

பெத்மாவைப் போன்ற ஒரு யோசனையை இவ்வளவு பெரிய பாசனத்தில் அப்படியே கொண்டுவர முடியாது என்பது தெரிந்ததே. ஒரு கிராமத்தில் ஐம்பது பேர் மரத்தடியில் கூடித் தீர்மானிப்பது வேறு; 45,000 ஏக்கர்க்காரர்கள் தீர்மானிப்பது வேறு. ஆயினும் பெரிய பாசனத்திலும் குடியானவர்களே நியாயம் வழங்கும் இடம் உலகத்தில் உண்டு. ஸ்பெயின் தேசத்தில் வலென்ஸியா நகரில், வியாழக்கிழமைதோறும் நண்பகலில், பெரிய மாதாகோவிலின் வாசற்படியில், எட்டுக் கால்வாய்களின் பிரதிநிதிகள் கறுப்புச் சட்டை அணிந்து வட்டமாக உட்காருகிறார்கள். அவர்கள் வக்கீல்கள் அல்ல, உத்தியோகஸ்தர்களும் அல்ல. அந்தந்தக் கால்வாயில் பயிர் செய்கிறவர்கள் தேர்ந்தெடுத்த விவசாயிகள். முறை தப்பி நீர் எடுத்தவர், வாய்க்காலை அடைத்தவர் ஆகியோரின் வழக்கை, தெருவில் போவோர் வருவோர் கேட்டு நிற்க, வாய்மொழியாகவே விசாரித்து அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். பல நூற்றாண்டுகளாக நடந்துவரும் இந்தச் சபையை 2009-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் செல்வங்களில் சேர்த்தது. வழக்கு நடக்காத வியாழக்கிழமைகளே அதிகம் என்கிறார்கள். எல்லோருக்கும் எதிரில் பதில் சொல்லவேண்டும் என்று தெரிந்தால் இரவில் மடையைத் திருப்பும் கை தயங்கும் போலும்.

நம் சட்டப் புத்தகத்திலும் இதற்கு இடம் இல்லாமற் போகவில்லை. தமிழ்நாட்டில் 2000-ஆம் வருஷத்தில் விவசாயிகளே பாசன அமைப்புகளை நிர்வகிப்பதற்கென்று ஒரு சட்டம் இயற்றினார்கள். நீரைப் பயன்படுத்துவோர் தேர்ந்தெடுக்கும் சங்கங்களுக்கு அதில் வகை செய்திருக்கிறது. 2017-இல் குடிமராமத்து என்ற பழைய பெயரையே சூட்டி, கண்மாய்களைத் தூர்வாரும் திட்டம் ஒன்றையும் ஆரம்பித்தார்கள். பல இடங்களில் நல்ல வேலை நடந்தது. ஆனால் மண் அள்ளும் வேலையைக் குடிகளிடம் கொடுப்பது சுலபம். ஷட்டரின் சாவியில் அவர்களுக்குப் பங்கு கொடுப்பதுதான் இலாகாவுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

வழக்கமாக ஜூன் மாதம் நெருங்கினால், அணையின் மட்டம் எத்தனை அடி என்று தினசரிப் பத்திரிகையில் முதலில் பார்ப்பவர்கள் இந்தப் பக்கத்தில் பலர். சினிமா விளம்பரமும் அரசியலும் அப்புறந்தான். உத்தரவு வந்துவிட்டது என்று தெரிந்ததும் நாற்றங்காலுக்கு விதை ஊறப்போடுவார்கள். நீர் திறக்கிற அன்று அதிகாரிகளும் பிரமுகர்களும் வந்து ஷட்டரடியில் மலர் தூவுவார்கள், போட்டோ எடுப்பார்கள். செவ்வந்தியும் ரோஜாவும் நுரையோடு மிதந்து கால்வாயில் கொஞ்ச தூரம் போகும். அந்த நீர் கடைமடைக்கு எப்போது வரும் என்று அங்கே ஒருவர் டார்ச்சு விளக்கையும் மண்வெட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வாய்க்கால் கரையில் துண்டை விரித்துப் படுத்திருப்பார். நடுநிசிக்கு மேல் வாய்க்காலில் ஏதாவது சலசலத்தால் எழுந்து உட்கார்ந்து பார்ப்பார். சில நாள் அது தவளையாக இருக்கும்.